அன்புள்ள கோர்டனுக்குப் பதினொரு கடிதங்கள்

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் 'பணி ஓய்வு பெற்றோர்' பக்கத்துக்கு எழுதச் சொல்லிக் கேட்டார்கள். எனக்கு முப்பத்தாறு வயதுதான் ஆகிறது என்று பதில் அனுப்பினேன். அரசு வேலையை விட்டவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றவர்களே என்று மலர்க்குழு தீர்மானித்திருப்பதாகவும், இந்த வருடம் வேறு யாரும் கிடைக்கவில்லை என்றும் மறுபதில் வந்தது. இரண்டாவது காரணம் நேர்மையாக இருந்ததால் ஒப்புக்கொண்டேன்.

எனக்கும் ஒரு காரணம் இருந்தது. ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் நான் ஒன்பது வருடம் வேலை பார்த்த உதவித்தொகை அலுவலகத்தில் இப்போது புதிதாக இரண்டு தமிழ்ப் பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். விண்ணப்பம் முழுக்கக் கணினிக்குப் போய்விட்டது. 'உங்கள் வேலை ஏன் முடிந்தது?' என்ற கேள்விக்குக் கீழே என் காலத்தில் ஒரு வெற்றுக் கட்டம் இருந்தது. அதில் மனிதர்கள் மனதில் பட்டதை எழுதினார்கள். இப்போது தயாராக இருக்கும் பதில்களில் ஒன்றைத் தொட்டால் போதும். "அக்கா, அந்தக் கட்டத்தை வச்சுக்கிட்டு எப்படிச் சமாளிச்சீங்க?" என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள். சமாளிக்கவில்லை. அது எப்படி என்பதை எழுதுகிறேன்.

நான் திருச்சியில் கணினிப் பொறியியல் படித்தவள். ஆக்லாந்துக்கு வந்து மென்பொருள் சோதனை வேலை தேடிக்கொண்டிருந்தபோது, தமிழ் தெரியும் என்பதற்காக அந்த அலுவலகத்தில் தற்காலிகமாக எடுத்தார்கள். மூன்று வாரம் பயிற்சி. அதில் கற்றவை: அச்சு இயந்திரத்தில் காகிதம் சிக்கினால் எந்த மூடியைத் திறப்பது, கோபமாக வருபவரிடம் எந்த உயரத்தில் குரலை வைப்பது, தீ எச்சரிக்கை மணி அடித்தால் எந்தக் கார் நிறுத்துமிடத்தில் போய் நிற்பது. மூன்றில் முதலாவதைத்தான் தினமும் பயன்படுத்தினேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்ற சில நாடுகளில் இருப்பதுபோலச் சம்பளத்திலிருந்து பிடித்துச் சேர்க்கும் வேலையின்மைக் காப்புறுதி இங்கே கிடையாது. வேலை இல்லாதவருக்கு அரசு வரிப்பணத்திலிருந்து உதவித்தொகை தருகிறது. நம் ஆட்கள் 'பெனிஃபிட்' என்பார்கள். வேலை தானாக முடிந்துபோனவர் ஒன்றிரண்டு வாரம் காத்திருந்தால் போதும். நல்ல காரணம் இல்லாமல் தானே வேலையை விட்டவர் பதின்மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். ஆகவே எங்கள் வேலையின் மொத்தச் சாரமும் ஒரே கேள்விதான்: இவர் வேலையை விட்டாரா, வேலை இவரை விட்டதா?

கடையில் வேலை பார்த்தவரிடம் இதைக் கேட்டுவிடலாம். மீன் தொழிலில் இருப்பவரிடம் கேட்பது கஷ்டம். அங்கே யாரும் யாரையும் விடுவதில்லை. பிடிக்க அனுமதித்த அளவு தீர்ந்ததும் படகுகள் கட்டப்படும். படகு வராவிட்டால் மீன் வெட்டும் தொழிற்சாலை வரிசை நிற்கும். வரிசை நின்றால் ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள். அடுத்த பருவத்தில் மறுபடி கூப்பிடுவார்கள். இப்படி வருபவர்களுக்காக நான் ஐந்து சோதனைகள் கொண்ட ஒரு பட்டியல் வைத்திருந்தேன். ஒப்பந்தத்தில் 'பருவம் முடியும்வரை' என்று இருக்கிறதா, கடைசி நாளை அறிவித்தது யார், அறிவிப்பு எழுத்தில் உண்டா, அதே நாளில் மற்றவர்களும் நின்றார்களா, திரும்பக் கூப்பிடும் வழக்கம் உண்டா. ஐந்துக்கும் விடை கிடைத்தால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் நன்றாக வரும்.

என் மேலாளர் மேரியனுக்கு இந்தப் பட்டியல்களில் பெரிய மரியாதை இல்லை. நாட்டின் தென்தீவில் அடிக்கோடியிலிருந்து வந்தவர், அறுபதை நெருங்குகிறவர். எந்தக் காகிதத்தையும் வாய்விட்டுத்தான் படிப்பார். 'பக்கம் ஒன்று, மொத்தம் நான்கு' என்பதையும் விடமாட்டார். அவருடைய மேசைக்குப் பின்னால் ஒரு மின்கெட்டில் இருந்தது. யாராவது ஒரு சிக்கலோடு வந்தால் எழுந்து அதைப் போடுவார். கெட்டில் கொதித்து 'டக்' என்று அணைவதற்குள் விஷயத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். அணைந்த பிறகு வரும் எந்தத் தகவலும் அவர் காதில் ஏறாது. ஆனால் அநியாயக்காரர் இல்லை. நம் முகத்தைப் பார்த்து, சிக்கலின் அளவுக்கு ஏற்பத் தண்ணீர் ஊற்றுவார். சின்ன விஷயத்துக்கு ஒரு கோப்பை. வாடகை விஷயம் என்றால் பாதி. நான் சேர்ந்த இரண்டாவது மாதத்திலேயே அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கப் பழகிவிட்டேன்.

ஒருமுறை படகில் வேலை செய்த ஒருவர் 'வேலை ஏன் முடிந்தது?' என்ற கட்டத்தில் 'காற்று' என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தார். நான் இரண்டு நாள் ஆராய்ந்து, என் ஐந்து சோதனைகளோடு மேரியனிடம் போனேன். அவர் ஒரு கோப்பைத் தண்ணீர்தான் ஊற்றினார். நான் மூன்றாவது சோதனைக்கு வரும்போது படகுத் தலைவருக்கே போன் போட்டுவிட்டார்.

"உங்க ஆள் காற்றுன்னு எழுதியிருக்கார். சரியா?"

"பெரும்பாலும் காற்றுதான்" என்றார் படகுத் தலைவர்.

"அனுமதிச்சாச்சு" என்றார் மேரியன். கெட்டில் அணைந்தது.

இனி, தலைப்பில் உள்ள பதினொரு கடிதங்களுக்கும் உரிய பெண்கள்.

மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு மீன் தொழிற்சாலையில் அவர்கள் ஒரே வரிசையில் நிற்பவர்கள். ஒன்பது பேர் யாழ்ப்பாணம், இரண்டு பேர் தமிழ்நாடு. செதில் எடுப்பவரில் தொடங்கி, தலை வெட்டி, சதை பிரித்து, முள் பிடுங்கி, தோல் உரித்து, பெட்டியில் அடுக்குபவர் வரை ஆளுக்கு ஓர் இடம். ஏழு வருடமாக இடம் மாறியதில்லை. மூன்றாவது இடத்தில் நின்று சதை பிரிப்பவர் செல்வராணி அக்கா. வரிசைக்குத் தலைமை அவர்தான். நாலாவது இடம் மாலதி, தூத்துக்குடிக்காரர், முள் பிடுங்குபவர். பேச்சிலும் அதே வேலைதான்.

பருவம் முடிந்து உதவித்தொகைக்கு வருபவர்கள் முதலில் எங்கள் அலுவலகத்தில் ஒரு கருத்தரங்கில் உட்கார வேண்டும். வேலை தேடுவது எப்படி என்று இருபது நிமிடம் ஒரு வீடியோ ஓடும். ஏழு வருடமாக அதையே பார்த்துவந்த செல்வராணி அக்கா, வீடியோவில் வரும் ஆள் கைகுலுக்குவதற்கு முன்பே "இப்ப கை குடுப்பான் பாருங்கோ" என்பார். அவன் கை கொடுப்பான். பதினொரு பேரும் தலையாட்டுவார்கள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. இவர்களுக்கு உருப்படியாக ஏதாவது தர வேண்டும் என்று ஒரு வார இறுதியில் உட்கார்ந்து, தமிழில் ஒரு தாள் தயாரித்தேன். தலைப்பு: 'ஒரு வேலையிலிருந்து வெளியே வரும்போது செய்ய வேண்டிய பன்னிரண்டு.' முன்பக்கம் குறிப்புகள், பின்பக்கம் ஆங்கிலத்தில் உதாரணங்கள். மேரியன் விடுப்பில் இருந்ததால் அவரிடம் காட்டவில்லை. அந்த வருடக் கருத்தரங்கில் கொடுத்தேன். மற்றவர்கள் மடித்துப் பைக்குள் போட்டார்கள். செல்வராணி அக்கா மட்டும், "அரசாங்கம் தமிழில தந்திருக்கு, கவனமா வைச்சிருங்கோ" என்று மற்ற பத்துப் பேருக்கும் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு அவர்கள் வேலைக்குத் திரும்பிப் போனார்கள்; நானும் அதை மறந்துவிட்டேன்.

அடுத்த பருவம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு பேரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். காத்திருப்போர் நாற்காலிகளில் வரிசை மாறாமல் உட்கார்ந்தார்கள்: செதில் முதல் பெட்டி வரை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடிதம். எங்கள் துறையின் வேறு நகரத்து மையத்திலிருந்து வந்தவை.

"பிள்ளை, எங்களைப் பதின்மூண்டு கிழமை பொறுத்திருக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு" என்றார் செல்வராணி அக்கா. "நாங்கள் என்ன களவோ எடுத்தனாங்கள்?"

வாங்கிப் பார்த்தேன். "அக்கா, நீங்களா வேலையை விட்டுட்டதாப் போட்டிருக்காங்க."

"நாங்கள் விடேல்லை. மீன் முடிஞ்சுது."

"அப்போ மீனுக்குத்தானே பதிமூணு வாரம் போடணும்?" என்றார் மாலதி.

"நீ சும்மா இரு" என்று அவரை அடக்கிவிட்டு, செல்வராணி அக்கா என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, விஷயம் இதுதான். பதின்மூண்டு கிழமை எங்களால இருக்கேலாது. விரி எண்ட இடத்தில ஒரு கிட்டங்கியில பெட்டி அடுக்கிற வேலைக்குக் கூப்பிட்டிருக்கினம். நிரந்தர வேலை. வெள்ளிக்கிழமைக்குள்ள மறுமொழி சொல்ல வேணும். எங்களில நாலு பேர் போகப்போறம் எண்டு நிக்கினம். போனா திரும்பி வரமாட்டினம்."

"நிரந்தர வேலைன்னா நல்லதுதானே அக்கா?"

"அவைக்கு நல்லது. வரிசைக்கு? தொழிற்சாலைக்காரர் எங்களை ஆள் ஆளாக் கூப்பிடுறதில்லை. வரிசையாத்தான் கூப்பிடுவினம். நாலு பேர் போனா மிச்ச ஏழு பேரையும் கூப்பிடாயினம். அந்த நாலு பேருக்கும் போக விருப்பமும் இல்லை. கேட்டுப் பாருங்கோ."

கேட்டேன். பெட்டி அடுக்கும் வேலைக்குப் போவதாக இருந்த நாலு பேரில் மாலதியும் ஒருவர். "பெட்டிகூட என்னத்தப் பேச?" என்றார்.

ஆக, வெள்ளிக்கிழமைக்குள் பதின்மூன்று வாரம் நீங்க வேண்டும். இல்லாவிட்டால் வரிசை உடையும். மறுபரிசீலனை விண்ணப்பம் கொடுக்கலாம் என்று சொல்லி, பதினொரு படிவங்களைக் கொடுத்தேன். ஒரு படிவத்தை நிரப்ப ஒருவருக்கு அரை மணி நேரம் ஆகும். மத்தியானம்வரை போகும் என்று நினைத்து, இன்னும் சில பேனாக்கள் எடுக்கப் போனேன். திரும்பி வரும்போது பாதி வேலை முடிந்திருந்தது. முதல் நாற்காலியில் இருந்தவர் எல்லாப் படிவங்களிலும் பெயரை மட்டும் எழுதி அடுத்தவருக்குத் தள்ளினார். அவர் முகவரியை எழுதித் தள்ளினார். செல்வராணி அக்கா பதினொரு பேருடைய பிறந்த தேதியையும் யாரையும் கேட்காமல் எழுதினார். மாலதியிடம் 'காரணம்' கட்டம் வந்தது. அவர் ஒவ்வொன்றிலும் 'மீன் முடிந்தது' என்று ஆங்கிலத்தில் எழுதினார். கடைசி நாற்காலிக்காரர் அடுக்கி, ஓரம் தட்டி, என் கையில் கொடுத்தார். கையெழுத்து மட்டும் அவரவர் போட்டார்கள். பன்னிரண்டு நிமிடம்.

என் ஐந்து சோதனைகளையும் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. பிறகு ஏன் 'தானாக விட்டார்' என்று முடிவானது? கோப்புகளைத் திறந்தேன். ஒவ்வொன்றிலும் தொழிற்சாலை அனுப்பிய ஒரு கடிதத்தின் நகல் இருந்தது. கையால் எழுதியது. காகிதத்தில் அங்கங்கே வட்ட வட்டமாக ஏதோ ஒட்டியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். மீன் செதில்.

கடிதத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "அன்புள்ள கோர்டன், இன்றுடன் என் பொறுப்பிலிருந்து விலக முடிவு செய்துள்ளேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் துடிப்பான குழுவோடு வளர்ந்தது என் பாக்கியம். புதிய சவால்களைத் தேடிச் செல்கிறேன்."

பதினொரு கடிதமும் அதுவேதான். பதினொரு பேரும் ஒரே நாளில், ஒரே தேநீர் இடைவேளையில், புதிய சவால்களைத் தேடிப் புறப்பட்டிருந்தார்கள். யாராக இருந்தாலும் பதின்மூன்று வாரம்தான் போட்டிருப்பார்கள்.

தொழிற்சாலை மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். க்ளென் என்று பெயர். நிதானமாகப் பேசுகிறவர்.

"ஓ, அந்தக் கடிதங்களா? நல்ல கையெழுத்து" என்றார்.

"அவங்க விலகினாங்கன்னு நீங்க நினைச்சீங்களா?"

"எனக்குக் குழப்பமாத்தான் இருந்துச்சு. மீன் முடிஞ்சுதுன்னு நானே ரெண்டு நாள் முன்னாடி பலகையில எழுதிப் போட்டுட்டேன். அப்புறம் இவங்க வந்து விலகறோம்னு கடிதம் தர்றாங்க. லாக்கரையெல்லாம் கழுவித் துடைச்சு, உள்ள பூ வச்சுட்டுப் போனாங்க. இனி வரவே மாட்டாங்க போலன்னு நினைச்சேன். எனக்கு மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கடிதத்தை ஆபீசுக்குக் கொடுத்தேன், அவங்க உங்களுக்கு அனுப்பிட்டாங்க." பிறகு கேட்டார்: "ஒண்ணு கேக்கலாமா? கோர்டன் யாரு?"

"உங்க ஆபீசுல யாரோ இல்லையா?"

"இங்க கோர்டன்னு ஆளே கிடையாது. பதினாலு வருசமா இருக்கேன். எனக்கு எழுதாம அவருக்கு எழுதியிருக்காங்க. யாருன்னு தெரிஞ்சா நல்லாருக்கும்."

போனை வைத்தேன். காத்திருக்கும் நாற்காலிகளுக்குப் போனேன்.

"அக்கா, இந்தக் கடிதத்தை யார் எழுதச் சொன்னாங்க?"

செல்வராணி அக்கா கைப்பையைத் திறந்தார். ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் என் தாள் இருந்தது. பன்னிரண்டு குறிப்புகளுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் 'சரி' அடையாளம். ஒன்பதாவது: 'உங்கள் மேலாளருக்கு மரியாதையாக ஒரு கடிதம் கொடுங்கள். மாதிரி பின்பக்கம்.' திருப்பினேன். பின்பக்கத்தில், ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குத் தாவும் கணினிக்காரர்களுக்கு மட்டுமே பொருந்தும் ஒரு கடிதம் இருந்தது. அதன் முதல் வரியில் 'அன்புள்ள கோர்டன்' என்று என் தட்டச்சில் இருந்தது. அந்தப் பெயரை எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"உங்கட பேப்பரில இருந்ததைத்தான் எழுதினனாங்கள்" என்றார் செல்வராணி அக்கா.

"ஆனா உங்க மேற்பார்வையாளர் பேரு க்ளென்தானே அக்கா? கோர்டன்னு ஏன் போட்டீங்க?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அரசாங்கம் அச்சடிச்ச பேரை நாங்கள் மாத்தலாமோ? ஊரில விண்ணப்பம் எழுதேக்க, எந்தப் பெரியவருக்கு முகவரி போடச் சொல்லியிருக்கோ அவருக்குத்தான் போடுவம். கோர்டன் எண்டது உங்கட பெரியவர் எண்டு நினைச்சம். க்ளென் கையில குடுத்தது, அவர் கோர்டனுக்கு அனுப்பிவிடட்டும் எண்டுதான்."

"நான் அப்பவே கேட்டேன், அந்த கோர்டன் நம்மளுக்கு என்ன செஞ்சாருன்னு" என்றார் மாலதி. "எழுதுடி, பெரிய மனுசன் கோவிச்சுக்குவாருன்னாங்க."

நான் அவர்களைத் தேநீர் குடிக்கச் சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். மென்பொருள் சோதனையில் முதல் வகுப்பிலேயே சொல்லித்தருவார்கள்: பயன்படுத்துகிறவர் நீ நினைத்ததைச் செய்யமாட்டார், நீ எழுதியதைச் செய்வார். நான் அதை மனப்பாடமாக எழுதி மதிப்பெண் வாங்கியவள். பதினொரு பேரில் ஒருவர்கூட நான் எழுதியதிலிருந்து ஒரு எழுத்தும் விலகவில்லை.

சொல்லாமல் விடலாமா என்றும் யோசித்தேன். மறுபரிசீலனைக் குழுவுக்கு அனுப்பினால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். என் பெயர் வராது. ஆனால் அந்தக் குழு கூடப் பல வாரம் ஆகும். விரிக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது வெள்ளிக்கிழமை. கிளை மேலாளரான மேரியனே முடிவைத் திருத்தலாம், புதிய ஆதாரம் இருந்தால். அந்த ஆதாரத்தில் முதலாவது நான்தான்.

மேரியனின் மேசைக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்தார். எழுந்தார். கெட்டிலை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். திறந்த குழாயை மூடவே இல்லை, விளிம்புவரை நிரப்பினார். என் வேலைக்காலத்தில் முழுக் கெட்டில் பார்த்தது அன்றுதான்.

பொத்தான் அமுங்கியது. "சொல்லு."

"பதினொரு பேர். பருவம் முடிஞ்சு நின்னவங்க. தானா விலகினாங்கன்னு தப்பா முடிவாயிருக்கு. காரணம் ஒரு கடிதம். அந்தக் கடிதத்தை எழுதினது நான்."

"பதினொண்ணுமா?"

"மாதிரியை எழுதினேன். அவங்க பார்த்து எழுதினாங்க." தாளை நீட்டினேன். பின்பக்கத்தை ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படித்தார், ஒரு சொல்கூட விடாமல். 'துடிப்பான குழு' என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினார்.

"கோர்டன் யாரு?"

"யாரும் இல்ல. நான் உண்டாக்கினேன்."

"என்கிட்ட காட்டினியா?"

"நீங்க விடுப்புல இருந்தீங்க."

"வந்ததும்?"

"காட்டல."

கெட்டில் இரைய ஆரம்பித்தது. முன்பக்கத்தை மொழிபெயர்க்கச் சொன்னார். பன்னிரண்டையும் மூச்சுவிடாமல் சொன்னேன். ஒன்பதாவது வந்தபோது ஒரு விரலைத் தூக்கினார். பதினொன்றாவது, லாக்கரைச் சுத்தமாக விட்டுச் செல்லுங்கள் என்பது வந்தபோது, "இது நல்லாருக்கு" என்றார். பிறகு மூன்று கேள்வி: ஒப்பந்தத்தில் பருவம் என்று இருக்கிறதா, மீன் முடிந்த அறிவிப்பு கடிதத்துக்கு முந்தியதா, அதற்குச் சாட்சி உண்டா. இருக்கிறது, ஆமாம், வாங்கித் தருகிறேன் என்றேன். 'டக்'.

"எழுத்தில கொண்டு வா" என்றார். "உன் பங்கையும் எழுத்தில கொண்டு வா. அந்தத் தாளை இனிமேல் யாருக்கும் கொடுக்காதே." முழுக் கெட்டிலிலிருந்து ஒரு கோப்பைதான் ஊற்றிக்கொண்டார்.

செவ்வாயும் புதனும் ஆதாரம் சேர்த்தேன். ஒப்பந்தங்கள் கிடைத்தன. பலகையில் எழுதிய அறிவிப்பைக் க்ளென் அழித்துவிட்டிருந்தார். ஆனால் அறிவிப்பு வந்த அன்றே மாலதி, இருந்த மீன்களில் பெரியதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுத்திருந்தார். மீனின் வாலுக்குப் பின்னால் பலகை முழுசாகத் தெரிந்தது. போனில் தேதியும் இருந்தது. க்ளென் மின்னஞ்சல் அனுப்பினார்: "மீன் முடிந்தது, அதனால் வேலை முடிந்தது. கடிதம் தராமல் இருந்திருந்தாலும் அன்றே நின்றிருப்பார்கள். அடுத்த பருவத்தில் இதே வரிசை எனக்கு வேண்டும். கோர்டன் என்பவர் இங்கே வேலை செய்ததில்லை." நான் என் பங்கை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன். அது என் பணிக்கோப்பில் இன்னும் இருக்கும்.

வியாழன் மத்தியானம் மேரியன் உட்கார்ந்தார். மொத்தமாக மாற்ற எங்கள் கணினியில் வழியில்லை. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, என் வாக்குமூலம் உட்பட எல்லாவற்றையும் பதினொரு முறை வாய்விட்டுப் படித்து, 'தானாக விட்டார்' என்பதை 'பருவம் முடிந்தது' என்று மாற்றினார். ஆறாவது தடவையில் மொத்த அலுவலகத்துக்கும் என் வாக்குமூலம் மனப்பாடம்.

வெள்ளி காலை பத்து மணிக்குப் பதினொரு பேரும் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். "கிடைச்சிடுச்சு அக்கா. எல்லாருக்கும்" என்றேன்.

செல்வராணி அக்கா தலையை மட்டும் ஆட்டினார். பிறகு பக்கத்தில் திரும்பி, "மாலதி, விரிக்கு வரேல்லை எண்டு சொல்லு" என்றார். மாலதி போனை எடுத்து, வெளியே போகாமல் அங்கேயே பேசினார்: "சார், சாரி சார். எனக்கு மீன் இருக்கு சார்." மற்ற மூன்று பேரும் அடுத்தடுத்துப் பேசினார்கள்.

நான்காவது பேச்சு முடியவில்லை, முதல் நாற்காலிக்காரரின் போன் அடித்தது. அவர் பேசிவிட்டு வைத்ததும் இரண்டாவது நாற்காலி. பிறகு செல்வராணி அக்கா. க்ளென் வரிசைப்படி கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னக்கா?"

"எதிர்பாராம ஒரு படகு வந்திருக்காம், பிள்ளை. வேற இடத்துப் படகாம். நிறைய மீனாம். திங்கள் காலமை வரட்டாம்."

உதவித்தொகை கிடைத்து இருபது நிமிடம் ஆகியிருந்தது.

வேலை கிடைத்தவரின் உதவித்தொகையை அன்றே நிறுத்த வேண்டும். திரையில் இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்று 'ரத்து', வேலை கிடைத்துப் போய்விட்டார் என்று பொருள். இன்னொன்று, குறுகிய கால வேலைக்கு, 'தற்காலிக நிறுத்தம்'. ரத்துச் செய்தால் எங்கள் கிளையின் கணக்கில் 'வேலையில் அமர்த்தப்பட்டவர்கள்' என்று பதினொரு பேர் ஏறுவார்கள். அந்த மாதம் அதிகம் பேரை அமர்த்திய கிளைக்குப் பிராந்திய அலுவலகத்திலிருந்து பெரிய சாக்லேட் கேக் வரும். எங்களுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. தற்காலிக நிறுத்தத்துக்கு ஒன்றும் இல்லை. விஷயம் பரவி, என் நாற்காலிக்குப் பின்னால் நாலைந்து பேர் வந்து நின்றுவிட்டார்கள். ஒருவர் கையில் ஏற்கெனவே தட்டு இருந்தது.

மேரியன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "எத்தனை நாளைக்கு மீன் இருக்குன்னு அவங்களைக் கேள்."

கேட்டேன்.

"மூண்டு கிழமை" என்றார் செல்வராணி அக்கா. "நல்லா வெட்டினா ரெண்டரை."

"ரத்துச் செஞ்சா மூணு வாரம் கழிச்சு என்ன நடக்கும்?" என்று மேரியன் என்னைக் கேட்டார்.

"புதுசா விண்ணப்பம் போடணும். படிவம், கருத்தரங்கு, வீடியோ. மறுபடி காத்திருப்பு. வேலை ஏன் முடிந்ததுன்னு மறுபடி கேள்வி."

"நிறுத்தி வச்சா?"

"வந்து சொன்னாப் போதும்."

"நிறுத்தி வை" என்றார் மேரியன். பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். "எனக்குக் கேக் பிடிக்காது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அது பொய். வேறு கிளையின் கேக்கில் அவர் இரண்டு துண்டு சாப்பிட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

பதினொரு முறை பொத்தானை அமுக்கினேன். அந்த மாதப் பட்டியலில் எங்கள் கிளைக்கு நேரே பூஜ்யம் இருந்தது. பிராந்திய அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, ஏதாவது சிரமமா என்று கேட்டார்கள். மீன் வந்திருக்கிறது என்று மேரியன் சொன்னார். அவர்கள் மேற்கொண்டு கேட்கவில்லை.

நன்றாகத்தான் வெட்டியிருக்கிறார்கள். மூன்று வாரம் முடியும் முன்பே, ஒரு வியாழன் காலை ஒன்பது மணிக்கு, கதவு திறந்ததும் பதினொரு பேரும் வந்தார்கள். நாற்காலியில் உட்காரவில்லை, என் மேசை முன்னால் வரிசையாக நின்றார்கள்.

"முடிஞ்சுதா அக்கா?"

"ஓம், முடிஞ்சுது."

நிறுத்தத்தை நீக்கினேன், ஒவ்வொருவராக. யாரும் எதுவும் எழுதவில்லை. ஒன்பது ஆறுக்கு அவர்கள் வெளியே பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்த வாரம்தான் சேர்ந்திருந்த வாசல் காவலாளி என்னிடம் வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காட்டி, "அவங்க வந்த வேலை ஆகலையா? இவ்வளவு சீக்கிரமாப் போறாங்களே" என்று கவலையாகக் கேட்டார்.

"ஆயிடுச்சு" என்றேன்.

அவர் என்னையும், பேருந்து நிறுத்தத்தையும், கடிகாரத்தையும் பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை.